மங்கையர்க்கரசி, வயது பன்னிரண்டு

பக்தவத்சலத்தின் பெயரைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கிறது. ஏ.எஸ்.ராவ் நகரில் என் எதிர் ஃபிளாட்காரர். இங்கே பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடும் அரசுத் தொழிற்சாலையில் சீனியர் இன்ஜினியர். குரலை உயர்த்திப் பேசமாட்டார், சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோவில். தங்கமான மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசியைப் பற்றி.

மங்கைக்குக் கும்பகோணம். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த நாளிலிருந்து சமையல், வீடு, மகள் சுபாஸ்ரீ. அதிகம் பேசமாட்டாள். ஆனால் கணக்கு என்று உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். என் மகள் பத்மஜா பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ராவைப் பார்த்து அழுதபோது, “எதுக்குடி அழற, இத மடக்கிடலாம் வா” என்று உட்காரவைத்துத் தேற்றியவள் மங்கைதான்.

சுபா எட்டாவது போனதும் அவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே கட்டுப்பாடும் வந்தது. எதைத் திறக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எல்லாம் அப்பாவின் போனில். பிள்ளை வளர்க்கிறவர்கள் செய்வதுதான், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் அவர் போனுக்கு ஒரு அறிக்கை வரும். மகள் என்ன தேடினாள், என்ன பார்த்தாள் என்று. அதைப் பூங்காவில் நடைக்கு வரும் ஆண்களிடம் படித்துக் காட்டுவார்.

ஒரு ஞாயிறு நான் அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

“இதப் பாருங்க நடேசன் சார். பீரியட்ஸ் வலிக்கு என்ன பண்ணணும்னு தேடியிருக்கா. பதிமூணு வயசு! நமக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது.”

நடேசன் சார் தலையைக் குனிந்துகொண்டார். சீ, பெற்ற மகளின் வயிற்று வலியைப் பார்க் பெஞ்சில் கடை விரிக்கிற அப்பனும் உண்டா?

“வெந்நீர் பை ஒண்ணு வாங்கிக் குடுங்க சார், அது போதும்” என்றேன்.

சிரித்தார். “டென்ஷன் நக்கோ மேடம், கவலையே படாதீங்க. எல்லாம் சேஃப்டிக்குத்தான்.”

இந்தச் சமயத்தில்தான் மங்கை, ஆன்லைனில் கணக்கு டியூஷன் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பமும் தேர்வும் போனிலேயே முடிந்துவிட்டன. கடைசியாக ஒரு மாணவிக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டர் கட்டாயம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி என்று சொல்லியிருந்தார்கள்.

“கெடச்சா இதுதான்க்கா என் மொத வேலை. நாப்பத்தி மூணு வயசுல! கெடச்சப்புறம் அவர்கிட்ட சொல்லிக்கலாம்” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய் காலை என் வீட்டு மணி அடித்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வெளிறிப்போய் நின்றாள்.

“ரமணி அக்கா, கொஞ்சம் வாங்களேன். என்னமோ கேக்குது.”

போய்ப் பார்த்தேன். வகுப்புக்கான செயலியைத் திறக்க விடாமல் திரையில் ஒரு கட்டம் நின்றது. பெற்றோரின் அனுமதி வேண்டும், கேட்கவா என்றது.

“சுபா பேர்ல உள்ள போயிட்டியா?”

“இல்லக்கா, என் பேருதான். போன மாசம் அவரே புதுசா அக்கவுண்ட் ஆரம்பிச்சுக் குடுத்தார்.”

அவள் பெயரை அழுத்தினேன். மங்கையர்க்கரசி, வயது பன்னிரண்டு.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பெரியவர்களைக் கண்காணிக்க அந்த ஏற்பாட்டில் வழி கிடையாது. அதனால் பிறந்த வருடத்தையே மாற்றிவிட்டார் மகானுபாவர். கட்டிய மனைவியை, பெற்ற மகளைவிட ஒரு வயது சின்னவளாக்கிவிட்டார். கருமம், கருமம்!

“அப்ப நான் தேடினதும் அவருக்குப் போயிருக்குமா?” என்றாள் மங்கை மெதுவாக. “பார்க்குல…”

பூங்காவில் அவர் படித்துக் காட்டுவது அவளுக்கும் தெரியும். அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்திவிட்டு அவருக்குப் போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் ஒப்படைத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கையில் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தினமும் அப்படிப் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற மனுஷன், வீட்டில் இருப்பவர்களின் கடிவாளத்தை அந்தப் போனில் மாட்டி வைத்திருக்கிறார். இவரெல்லாம் இன்ஜினியர்!

“ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுப் பாரேன்.”

“அடிச்சேன்க்கா. மீட்டிங்காம். வந்து பேசினாலும் போன் வெளியிலதானே கெடக்கு?”

என் லேப்டாப்பைப் பத்மஜா கல்லூரிக்கு எடுத்துப் போயிருந்தாள். பதினொன்று தாண்டியது. மாணவி காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள் என்று மங்கையின் போனுக்குச் செய்தி வந்தது. அவள் அழவில்லை. வெள்ளைப் பலகையில் எழுதித் தயாராக வைத்திருந்த கணக்கைத் துணியால் துடைத்தாள்.

சாயங்காலம் சுபா பள்ளியிலிருந்து வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ஐந்து மணிக்கு மேல் திரை தானாக மாறியது. அனுமதி வழங்கப்பட்டது, பதினைந்து நிமிடம். உடனே அவர் போன் வந்தது.

“என்னமோ பெர்மிஷன் கேட்டிருந்தியே, குடுத்துட்டேன். சந்தோஷமா?” பின்னால் நாலைந்து ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள் சுபா. “நீக்கூடானா மம்மீ?” என்றாள் தெலுங்கில். உனக்குமா அம்மா?

மங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதினாள். கம்ப்யூட்டரில் கோளாறு, இன்னொரு நாள் தாருங்கள் என்று. கோளாறு கம்ப்யூட்டரிலா? நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் தந்தார்கள். இந்த முறை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் லேப்டாப்பில் வகுப்பு எடுத்தாள். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவள் வகுப்பு என் வீட்டில்தான். சுபாவும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறாள்.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது அவரே வந்து வாசலில் நின்றார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லேப்டாப்ல அந்த கன்ட்ரோலப் போட்டுக்கலாமா? அவ யூஸ் பண்றப்ப மட்டும். எனக்கு ரிப்போர்ட்ல ஒண்ணுமே வரமாட்டேங்குது.”

தூ! இப்படியும் ஒரு ஜென்மமா? நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மங்கை வந்தாள்.

“கிளாஸ் நடக்குதுங்க. ஸ்க்ரீன்ல ஒக்காந்து படிக்கிற பொண்ணுக்குத்தான் பன்னெண்டு வயசு. எனக்கு நாப்பத்தி மூணு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள்.

மனுஷன் இனியாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு சாயங்காலம் பூங்காவில் அதே பெஞ்ச், அதே போன்.

“இந்த வாரம் ரெண்டு பேரும் ஜீரோ, நடேசன் சார்! ஒரு நிமிஷம்கூடக் கம்ப்யூட்டரத் தொடல. கன்ட்ரோல்னா இதான்.”

நடேசன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஆறு மணிக்கு மங்கைக்கு வகுப்பு இருந்தது.