அண்ணன் வீட்டுக் கிணறு

தந்தி வந்தபோது நான் கோலார் தங்கவயலில் என் தங்கை வீட்டில் இருந்தேன். பள்ளிக்குக் கோடை விடுமுறை. தங்கையின் கணவர் வேலையிலிருந்து நடுப்பகலில் திரும்பினார். அந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர் அல்ல. காகிதத்தை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். ஞானம்மாள் காலையில் இறந்துவிட்டாள், உடனே வரவும் என்று பெங்களூரிலிருந்து எங்கள் அடுத்த வீட்டுக்காரர் அனுப்பிய தந்தி அது. முந்தின வாரம்தான் ரயிலடிக்கு வந்து என்னை வண்டி ஏற்றிவிட்டாள். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்க மறக்காதே என்று நான் சொன்னதற்கு, இருக்கிற வேலையையெல்லாம் தன் தலையில் கட்டிவிட்டு நான் ஊருக்குப் போவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவர் கணக்கு டீச்சரம்மா. எனக்கு அவள் ஞானம். ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் நாங்கள். இதை மரியாதைப் பன்மையில் எழுத முயன்றேன்; யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல இருந்ததால் விட்டுவிட்டேன்.

அவளிடம் படித்தவர்களுக்கு இந்தச் சம்பவம் நினைவிருக்கும். பள்ளியைப் பரீட்சிக்க வந்திருந்த துரைசானி ஒருத்தி, பெங்களூர் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறது என்று ஒரு சிறுமியைக் கேட்டாள். குழந்தை விழித்துக்கொண்டு நின்றது. தலைமையாசிரியைக்கு வேர்த்துவிட்டது. ஞானம் எழுந்து, "இந்த ஊருக்கு ஆறு கிடையாதும்மா. அவ சரியாத்தான் நிக்கிறா" என்றாள். துரைசானி சிரித்துவிட்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், அதையும் முழுதாகச் சொல் என்பது அவள் வகுப்பில் ஓயாமல் கேட்கும் வார்த்தை. அந்த வார்த்தைக்கு அவளே என்ன விலை கொடுத்தாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஞானத்தின் தகப்பனார் பட்டாளத்தார் குடியிருந்த தண்டுப் பகுதியில், பிளாக்பள்ளிக்குப் பக்கத்தில், சோடா கம்பெனி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் கிணறு. தெருக்குழாய் வருவதற்கு முன்பிருந்தே அந்த வட்டாரத்துப் பெண்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து தண்ணீர் இறைத்துப் போவார்கள். யார், எவர் என்று அவர் கேட்டதில்லை. அவருக்குப் பிறகு கம்பெனி மூத்த மகன் சாமுவேல் கைக்கு வந்தது. ஞானம் கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணனுக்குத் தங்கை என்றால் உயிர். பள்ளிவிட்டு அவள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனையில் வந்து நிற்பார்.

ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் தந்த ஹெசரகட்டா ஏரி வற்றிப்போன வருடத்தை மறந்தவர் யாரும் இருக்கமாட்டீர்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சாமுவேல் அண்ணன் கிணற்றில் மட்டும் தண்ணீர் குறையவில்லை. கொட்டகைக்குப் பெரிய பங்களாக்களின் பீப்பாய் வண்டிகளும் ஹோட்டல் வண்டிகளும் வரத் தொடங்கின. அவர் விலைக்குக் கொடுத்தார். ஒருநாள் பக்கவாட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சை ஞானம் மறுநாள் எனக்கு அப்படியே சொன்னாள். கதவைத் திறந்துவிடும்படி அவள் கேட்டிருக்கிறாள். "பாறைக்கு வெடி வெச்சு ஆழப்படுத்துனது நானு. அன்னிக்கு இந்தத் தெருவுல ஒருத்தன் ஒரு கூடை மண்ணு தூக்குனானா? ஏரிய வத்த விட்டது முனிசிபாலிட்டி. அவங்க செய்யாத வேலைய என் தலையில ஏன் கட்டணும்?" என்று கேட்டாராம். எனக்குச் சொல்லிவிட்டு ஞானம் வெகுநேரம் சுண்ணாம்புக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றாள்.

தெருப் பெண்கள் பள்ளத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீரை மொண்டு வந்தார்கள். சில வாரங்களில் வாந்திபேதி வந்தது. எங்கள் வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாயின. ஞானத்தின் வகுப்பில் ரோசி என்றொரு பெண் இருந்தாள், கணக்கில் கெட்டிக்காரி, வீடு அந்தக் கிணற்றுக்கு எதிர்ச்சந்து. அவளைப் புதைத்துவிட்டு வந்த மாலை ஞானம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

தெருவார் கூடி மனுக் கொடுத்தார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது தங்கள் நெடுநாள் வழக்கம், அதை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது வழக்கு. இடமும் கிணறும் தன் சொத்து, தகப்பனார் காலத்தில் தண்ணீர் விட்டது தயவு, தயவை உரிமையாக்க முடியாது என்பது சாமுவேல் அண்ணனின் பதில். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கமும் ஞானத்தையே சாட்சியாகப் போட்டிருந்தார்கள். படித்தவள், பொய் சொல்லமாட்டாள் என்பது தெருவாரின் எண்ணம். தன் தங்கை தனக்கு எதிராகப் பேசமாட்டாள் என்பது அண்ணனின் நம்பிக்கை.

விசாரணை நாளில் நானும் அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன். அண்ணனும் தங்கையும் ஒரே ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். படியேறும்போது அவள் தடுக்கிவிடாமல் அண்ணன் கை கொடுத்தார்.

தண்ணீர் எடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டார்களா என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கேட்டு வர்ற வழியா அத எங்கப்பா வெக்கல" என்றாள்.

"அப்படியானால் கிணறு உங்கள் அண்ணனுடையது இல்லை என்கிறீர்களா?"

"கிணறு அவருதுதான். கல்லு, ராட்டினம், கயிறு எல்லாம் அவருது. பாறைக்கு வெடி வெச்சதும் அவருதான். தண்ணி யாருதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது சார். அது எங்கேருந்து வருதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

அண்ணன் தலை நிமிரவில்லை. இருவரும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். வீட்டில் மனைவியிடம், தங்கை பசியோடு இருப்பாள், முதலில் அவளுக்குச் சோறு போடு என்று சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் ஞானத்தோடு பேசவில்லை. கிணறு அவரிடமே இருக்கலாம், ஆனால் காலையும் மாலையும் கதவு தெருவாருக்குத் திறந்திருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுநாளே பூட்டை எடுத்துவிட்டார். பேசாத வீட்டில் ஞானம் ஒரு மழைக்காலம் வரை இருந்து பார்த்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம், "உன் வீட்டுல ஒரு கட்டில் போட எடம் இருக்குமாடி?" என்றாள்.

அந்தக் கட்டில் கடைசிவரை என் வீட்டிலேயே இருந்தது. அவள் ஏங்கியதை நான் அறிவேன். கிறிஸ்துமஸ் காலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு அண்ணன் தெருமுனை வரை போவாள், திரும்பிவிடுவாள். தெரு முழுவதும் சுதந்தரமாகப் போய்வந்த அந்தக் கதவு வழியாக அவள் மட்டும் போகவில்லை. அண்ணனுடைய சோடா வண்டி எங்கள் வீட்டுப் பக்கம் வரும். வண்டிக்காரர் முனியப்பா கேட்காமலே ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போவார். அண்ணனுக்கு முட்டிவலி எப்படி என்று அவள் கேட்பாள். "ஸ்வல்ப நொண்டுறாரும்மா, மத்தபடி நல்லாக்கீறாரு" என்பார் அவர். பாட்டிலை உடைத்துக் குவளையில் ஊற்றி, நுரை அடங்கும் வரை அப்படியே வைத்திருப்பாள். பொங்கும்போது குடித்தால்தானே சோடா என்று ஒருமுறை கேட்டேன். "கேஸு போவட்டும். அப்புறம்தான் எங்க கிணத்துத் தண்ணி தெரியும்" என்றாள்.

திப்பகொண்டனஹள்ளி அணையிலிருந்து தண்ணீர் வந்து குழாய்கள் மறுபடி ஓடியபின் தெருவார் கிணற்றுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று, அப்படிச் சாட்சி சொன்னதற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன்.

"வருத்தம் இருக்கு. தப்புன்னு தோணல. ரெண்டும் வேற வேறடி" என்றாள். அண்ணனைப் பற்றி ஒரு குறைச்சொல் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

தந்தி வந்த நாளுக்குத் திரும்புகிறேன். பொழுது சாயும் நேரம் வீடு வந்து சேர்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டம்மாள் வெளியே வந்து, முனியப்பா மூலம் செய்தி அறிந்து அண்ணன் வந்ததாகவும், கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எடுத்துட்டுப் போயிட்டாரும்மா" என்றாள். அங்கே போனேன். ஞானம் தன் வீட்டுக் கூடத்தில், தகப்பனார் படத்தின் கீழே கிடத்தப்பட்டிருந்தாள். மறுநாள் அடக்க ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

எல்லாம் முடிந்து பல நாள் கழித்துச் சாமுவேல் அண்ணன் ஆளனுப்பினார். போனேன். பின்கட்டில் கிணற்றைக் காட்டினார். பக்கவாட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. யாரும் வருவதில்லையே என்றேன். உத்தரவைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை, திருட்டுப் பயம் என்று மனைவிகூடச் சொல்லிப் பார்த்தாள், ஆனாலும் தான் சாத்தியதில்லை என்றார். பிறகு, "என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவாளாம்மா?" என்றார். முட்டிவலி விசாரித்ததைச் சொன்னேன். சோடாவைச் சொன்னேன். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானம் எனக்கு விட்டுப்போனது இந்த அண்ணனைத்தான். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய சின்ன வயதை அவர் சொல்கிறார். என் வீட்டில் அவள் இருந்த வருடங்களை நான் சொல்கிறேன். அவர் முன்னிருந்து வருகிறார், நான் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போகிறேன். அந்த விசாரணை நாளுக்கு இருவரும் இன்னும் வந்து சேரவில்லை.