வரி குறைந்த வண்டியும் வராத கூலியும்

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் டெல்லியில் வண்டிகளுக்கு வரியைக் குறைத்தார்கள். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி வேனைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ மாறி மாறி வீடு வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போகும். வரி குறைந்த செய்தியை டிவியில் பார்த்த அன்றே முடிவு பண்ணிவிட்டார். போனஸை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு, ஒரு சாயங்காலம் மாலை போட்ட புது ஸ்கூட்டர் வண்டியோடு தெருவுக்குள் நுழைந்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது எதிர்வீட்டுப் பிள்ளைகள் கை தட்டின. பெரியவர்கள் யாரும் தட்டவில்லை. அது எனக்கு அப்போதே உறைத்தது.

ஏனென்றால் அதே சமயத்தில்தான் எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குக் கூலி வராமல் இருந்தது. அந்த வேலையில் நான்தான் பணித்தளப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. ஏரிக்கரையிலோ வரத்துக் கால்வாயிலோ வேலை செய்கிற பெண்களை வரிசையாக நிறுத்தி, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என் செல்போனில் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். படத்தில் இல்லாதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. கூலி என் கைக்கு வருவதே கிடையாது. டெல்லியிலிருந்து நேராக அவரவர் வங்கிக் கணக்கில் விழும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? டெல்லி கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டு வாசலில் நின்ற வண்டி தெரிந்தது.

முதலில் கேட்டவள் என் பக்கத்துத் தெருக்காரி. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிடச் சின்னவள். புருஷன் குடியினால் ஒடுங்கிப் படுத்துவிட, இந்தக் கூலியை வைத்துத்தான் வீட்டை ஓட்டினாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போகாத நாள் இருந்ததில்லை.

"வண்டி இன்னா ரேட்டுக்கா?" என்றாள், மண்வெட்டியைத் தோளில் போட்டபடி.

"தவணைதாம்மே. வரி கொறச்சிட்டாங்கல்ல, அதான் வாங்கினாரு."

"ஓ... வண்டிக்குக் கொறப்பாங்க. நம்ம கூலிய மட்டும் அனுப்ப மாட்டாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அன்று மதியம் அவள் தன் தூக்குச்சட்டியை என் பக்கத்தில் வைக்கவில்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மற்ற பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கும். நான் போனை எடுத்தால் கண்கள் போனின் மேல் வந்து உட்காரும். நானும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். ஊராட்சி எழுத்தர் என்னைப் பார்த்ததும் ஏன் வண்டியைத் திருப்புகிறார்? வங்கிக்காரர் "சர்வர் இல்லம்மா" என்று ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்? ஊரில் நிறைய நெல் நிலம் வைத்திருக்கிற பெரியவீட்டுக்காரர் அந்த நாட்களில் ஏன் அவ்வளவு சிரித்த முகமாக இருந்தார்? கூலி வராத பெண்கள் அவர் வயலுக்கு அவர் சொன்ன கூலிக்குக் களை பறிக்கப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒருவேளை அவருக்கும் இதில் கை இருக்குமோ என்றுகூட நினைத்தேன். டெல்லி வரைக்கும் அவர் கை நீளாது என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை.

ஒரு காலையில் படம் எடுக்கப் போனை உயர்த்தினேன். பெண்கள் வரிசையாகத்தான் நின்றார்கள். பிறகு பக்கத்துத் தெருக்காரி மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அப்படியே வரிசை முழுக்க. திரையில் வெறும் முதுகுகளும் கொண்டைகளும் தெரிந்தன.

"திரும்புங்கம்மா. மூஞ்சி தெரியலன்னா இன்னிக்கி வேலையே செய்யலன்னு ஆயிடும்."

"செஞ்ச வேலைக்கே வர்ல," என்றாள் ஒரு பெரியம்மா.

பக்கத்துத் தெருக்காரி மட்டும் என் பக்கம் திரும்பினாள். "எங்க மூஞ்சி டெல்லிக்குப் போவுது. எங்க துட்டு எந்த ஊட்டுக்குப் போவுதுன்னுதான் தெர்ல."

போனை இறக்கினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "வாடி, இப்பவே ஆபீசுக்குப் போலாம். உன் காதாலயே கேளு" என்றேன். அன்று வீட்டுக்காரருக்கு இரவு ஷிஃப்ட், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு, அவள் ரேட் கேட்ட அதே வண்டியில் அவளைப் பின்னால் உட்கார வைத்து ஒன்றிய அலுவலகத்துக்கு ஓட்டினேன். வழி முழுக்க அவள் என் தோளைத் தொடவே இல்லை, பின்கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

அங்கே இருந்த அதிகாரி கெட்டவரில்லை. களைத்துப்போனவர். "மேலருந்து ஃபண்டு வரலம்மா. வந்தா உடனே ஏறிடும்."

"மேலன்னா யாரு சார்?" என்றாள் அவள்.

"மாவட்டம்."

"அவங்களுக்கு மேல?"

"சென்னை. அதுக்கும் மேல டெல்லி. அங்கதான் நின்னுக்கினு இருக்கு."

"டெல்லில யார் சார் புடிச்சி வச்சிக்கினு கீறது? ஆளச் சொல்லுங்க."

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். பட்ஜெட்டில் ஒதுக்கியது போதவில்லை என்கிறார்கள், மாநிலம் கடிதம் எழுதியிருக்கிறது என்கிறார்கள் என்று ஏதோ சொன்னார். எல்லாமே 'என்கிறார்கள்'தான். யார் சொல்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "இந்தாளு முன்னாடியே உன்கிட்ட பேசி வச்சிக்கினு சொல்றானா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். திரும்பும்போது ஊர் எல்லை வந்ததும் "இங்கியே நிறுத்துக்கா" என்றாள். என்னோடு அந்த வண்டியில் வந்து இறங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். இறங்கி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் வண்டியை நகர்த்தாமல் நின்றேன்.

கொஞ்ச நாளில் கூலி வந்தது. கால்வாயில் தூர் வாரிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு முந்தானையாகப் போன் கீச்சிட்டது. பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். எல்லோருக்கும் வரவில்லை, முழுதாகவும் வரவில்லை. ஆனாலும் வந்தது. அப்பாடா, இனி விடிந்தது என்று நினைத்தேன். அப்போது அந்தப் பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாத்தியா? ஆபீசு வரைக்கும் போய்க் கேட்டதும் துட்ட வுட்டுட்டா."

கூலி வராதபோது பாதிப் பேர்தான் என்னைச் சந்தேகப்பட்டார்கள். வந்த பிறகு மீதிப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். பொறுப்பாளர் வேலையை நானே விட்டுவிட்டேன்.

அந்த மார்கழியில் திட்டத்தின் பெயரையே மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலை நாட்கள் கூடுமாம். ஆனால் கூலிச் செலவில் மாநிலமும் பங்கு போட வேண்டுமாம். நடவு, அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்தி வைக்கலாமாம். டிவியில் கேட்டுவிட்டு வாசலில் கோலப்பொடியோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தெருக்காரி வந்தாள். அவ்வளவு நாள் கழித்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"நடவு நேரத்துல வேலைய நிறுத்திட்டா பெரியவீட்டுக்காரரு சொல்ற கூலிக்குத்தானே போவணும்?" என்றாள்.

"அப்பிடித்தான் போலக்கீது."

"யாருக்குக்கா இத்த எழுதினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவளே மேலே சொன்னாள். "நான் திங்கக்கிழமையிலருந்து கும்மிடிப்பூண்டி வேன்ல போறேன். கம்பெனில கூட்டிப் பெருக்கற வேல. அங்க சம்பளம் வர்லன்னா காண்ட்ராக்டர் சட்டையப் புடிக்கலாம். ஆளு கண்ணுக்குத் தெரியறான்."

என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "உனுக்கும் ஒரு எடம் கேக்கட்டாக்கா?" என்றாள். அது அன்பா, இல்லை நான் இன்னமும் ஊரில் என்ன செய்கிறேன் என்று வேவு பார்க்கிற கேள்வியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டுப் பார் என்றுதான் சொன்னேன்.