சீர்ப் பாத்திரங்களுக்குச் சுங்கவரி

ஷெரில் செய்த ஒரே தப்பு, தன் பாத்திரங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டதுதான்.

ஆழ்வார்பேட்டையில், வெளிநாட்டுக்கு வீட்டுச் சாமான் அனுப்பும் ஒரு சின்ன அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அப்துல் கய்யூம் பாய், இந்தப் பக்கம் ஷெரிலும் நானும். சாந்தோமில் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாக இரண்டு பேரும் வாத்தியார் வேலை பார்க்கிறோம். அவள் கணக்கு, நான் தமிழ். மெல்பர்னுக்கு டீச்சராகப் போய்க் குடியேற அவள் விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். எல்லாம் முடிந்து கிளம்ப ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் டிக்கெட் எடுத்த பிறகுதான் சாமான் கட்டுவதைப் பற்றி யோசிப்பார்கள். இவள் பதினாலு மாதத்துக்கு முன்னாலேயே விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

"எல்லாம் எவர்சில்வர்தான் பாய். மூணு பெட்டி வரும். இருபத்தோரு வருஷமா வீட்ல இருக்கு, ஆனா ஒரு கீறல் கிடையாது. ஸ்டிக்கர்கூட உரிக்கல. புத்தம் புதுசு!"

பாய் பேனாவை மூடி வைத்தார். "அப்ப வரி கீது மேடம்."

ஷெரிலுக்கு முகம் விழுந்துவிட்டது. பாய் பொறுமையாக விளக்கினார். குடியேறப் போகிறவர், கிளம்புவதற்கு முன் ஒரு வருடமாவது சொந்தமாக வைத்திருந்து புழங்கிய சாமானுக்குத்தான் அந்த நாட்டில் வரி கிடையாது. வைத்திருந்தால் மட்டும் போதாது, புழங்கியிருக்கவும் வேண்டும். பரண்மேல் உட்கார்ந்திருந்த வருடங்களெல்லாம் கணக்கில் வராது. நம் ஊரில் ஸ்டிக்கர் உரிக்காமல் வைத்திருப்பது சாமர்த்தியம். அங்கே அதைப் பார்த்தால் கடைச் சரக்கு என்பார்கள்.

"இன்னா மேடம் இதுக்குப் போயி? ஸ்டிக்கர உரிச்சுட்டு, கம்பி நார் போட்டு நாலு இழு இழுத்துக்கினு வாங்க. பழசுன்னு எழுதிக்கலாம். யார் கேக்கப் போறாங்க?"

"கேட்டா கையெழுத்துப் போட்ட நான்தானே பதில் சொல்லணும்? புழங்கினதுன்னு எழுதணும்னா, புழங்கிட்டே எழுதறேன் பாய். இன்னும் பதினாலு மாசம் இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். சொன்னது எவ்வளவு பெரிய சங்கதி என்று எனக்குத்தான் தெரியும். அவை சாதாரணப் பாத்திரங்கள் இல்லை, அவளுடைய சீர்ப் பாத்திரங்கள். இருபத்து நாலு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அவள் அம்மா ஆனி, தி.நகருக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஒவ்வொன்றாக வாங்கினார். மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் காரணம்கூடச் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். பாத்திரங்கள் பரண் ஏறின. பிறகு வந்த வரன்களை ஷெரில் வேண்டாம் என்றாள். ஆனி அம்மா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. வருடம் ஒரு தடவை இறக்கித் தூசி தட்டித் திரும்ப ஏற்றுவார். கல்யாணத்துக்கு முன் சீர்ப் பாத்திரத்தில் உலை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

அன்று சாயங்காலமே ஷெரில் ஏணி போட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அண்டா, அடுக்கு, இட்லி குண்டான் என்று ஒவ்வொன்றாக இறங்கியது.

"ஏண்டி, அது கல்யாணத்துக்கு வெச்சது. தொடாதே!"

"யார் கல்யாணத்துக்கு மம்மி? எனக்கு நாப்பத்தஞ்சு ஆவுது."

ஆனி அம்மா இறங்கிய அண்டாவை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். பேச வந்தவர் ஷெரிலின் அண்ணன் கிளிஃபர்ட். இத்தனை வருடத்தில் அந்தப் பரணை அண்ணாந்துகூடப் பார்க்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்துச் சோபாவில் சாய்ந்துகொண்டு யோசனை சொன்னார்.

"தனி ஆளுக்கு எதுக்கு ஷெரில் இவ்ளோ? அங்க போயி ரெண்டு சட்டி வாங்கிக்க. இது என் பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் ஏணியை விட்டிருப்பேன். மேலே ஷெரில் நிற்கிறாளே என்றுதான் விடவில்லை.

"ரெண்டு சட்டியோட போறதுக்கு நான் என்ன ஹாஸ்டலுக்கா போறேன்? வீடு வைக்கப் போறேன் அண்ணா. நாலு பேர் வந்தா சோறு போடணும். இது எனக்கு வாங்கினது, என்னோட வரும்."

அவள் சண்டை மொத்தமும் இதுதான். புருஷன் இல்லாவிட்டாலும் அது குடித்தனம்தான், அதற்கும் அண்டா உண்டு என்று அவள் நினைத்தாள். மற்றவர்கள் அதை ஒரு பெட்டியும் ஒரு ஆளும் என்று நினைத்தார்கள்.

மறுநாளே புதுக் குண்டானில் சோறு பொங்கியது. ஸ்டிக்கரை உரித்தால் பசை போகவில்லை, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சு, கல்யாணப் பாத்திரத்தை எடுத்துவிட்டாளாமே, யாரையாவது பார்த்துவிட்டாளோ என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஆமாம், ஆஸ்திரேலியாவைப் பார்த்துட்டேன்" என்று மாடிப்படியில் நின்று பதில் சொன்னாள்.

எதையும் ஒப்புக்குச் செய்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. அஞ்சடுக்குக் கேரியர் இருந்தால் அஞ்சு அடுக்கிலும் ஏதாவது இருக்க வேண்டும். அந்த வருடம் ஆசிரியர் அறையில் ஒருவர் பாக்கியில்லாமல் சதை போட்டோம், நான் மூன்று கிலோ. டம்ளர் ஒரு டஜன் என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பன்னிரண்டு பேர் காபிக்கு வந்தாக வேண்டும். பங்குக் கோயில் திருவிழாவுக்கு அண்டா நிறையப் பிரியாணி செய்து அனுப்பினாள். அண்டாவின் அடி கரிந்து திரும்பி வந்தது. ஆனி அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதார். ஷெரில் சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கும் வலித்திருக்கும், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் தானும் அழ வேண்டிவரும் என்று பயந்தாள்.

ஆனி அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓரம் உடைந்த பழைய பீங்கான் தட்டில்தான் சாப்பிட்டார். புதுக் குண்டானில் வெந்த சோறுதான், ஆனால் சோற்றோடு அவருக்குச் சண்டை கிடையாது, பாத்திரத்தோடுதான்.

விசா வந்தது, டிக்கெட் எடுத்தாயிற்று, சாமான் கட்டும் நாளும் வந்தது. அப்துல் கய்யூம் பாய் இரண்டு ஆட்களோடும் அட்டைப்பெட்டிகளோடும் வந்து, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பிப் பார்த்துப் பட்டியல் எழுதினார்.

"இன்னா மேடம், மண்டபத்துக்கு வாடகைக்கு வுட்டீங்களா?"

"புழங்கினேன் பாய். எழுதுங்க."

கடைசியில் இரண்டு தட்டுகள் வந்தன. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்று ஜோடியாக வாங்கிய பெரிய தட்டுகள். ஒன்றில் நிறையக் கீறல். இன்னொன்று பளபளவென்று, ஸ்டிக்கரோடு இருந்தது. பாய் அதைத் தூக்கிப் பிடித்தார்.

அந்தத் தட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கவில்லை. தினமும் ஷெரில் அதை அம்மாவுக்கு முன்னால் வைப்பாள். தினமும் ஆனி அம்மா அதை நகர்த்திவிட்டுப் பீங்கானை எடுத்துக்கொள்வார். ஒரு வருடமாக இது நடந்ததை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

"அது புதுசு பாய். அப்படியே எழுதுங்க. வரி எவ்வளவோ கட்டிடறேன்."

"ஒரே ஒரு தட்டு மேடம். நடுவுல சொருவிட்டா தெரியாது."

"புதுசுன்னா புதுசுதான்."

ஆனி அம்மா எழுந்து வந்து பாய் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார், பாதிதான் வந்தது. சமையலறைக்குப் போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஷெரில் மெதுவாகச் சொன்னாள். "மம்மி, இன்னிக்கு ஒரு நாள் சாப்பிட்டா செல்லாது. ஒரு வருஷம் புழங்கணும்."

"தெரியும்டி. எனக்கும் கணக்கு வரும்." பாயைப் பார்த்தார். "பாய், இதை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுங்க. இந்தத் தட்டு இப்ப வராது. இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் இதுலதான் சாப்பிடப் போறேன். அப்புறம் நானே எடுத்துக்கிட்டுப் போயி அங்க வெச்சிக்குவேன். என் பொண்ணு வீட்டுச் சாமானுக்கு எவனுக்கும் ஒரு பைசா வரி குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, ஷெரிலிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.