சோபாவுக்கு அடியில் ஒரு குரல்

ஊரையே ஏற்றி இறக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சொந்த வீட்டில் உட்கார இடமில்லை. சாயங்காலம் வந்தால் இரண்டு பிள்ளைகளும் டிவி முன்னால் சோபாவில் பசை போட்டு ஒட்டியது மாதிரி கிடக்கும். மனுஷர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கழற்றிப் போட்ட லிஃப்ட் சாமான்களை வீட்டுக்குத் தூக்கிவந்து நோண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதிலிருந்து எடை பார்க்கும் கருவியையும் ஸ்பீக்கரையும் எடுத்துச் சோபாவுக்கு அடியில் பொருத்தினார். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேசும்படி கணக்காக முடுக்கிவைத்தார்.

மறுநாள் பிள்ளைகள் உட்கார்ந்ததும் சோபா தேன் ஒழுகும் பெண் குரலில் சொன்னது: “எடை அதிகம். தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.”

யார் எழுந்திருப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டும் வாசலுக்குப் போய்விட்டன. மெக்கானிக் மீசையைத் தடவியபடி ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

“எடை அதிகம். தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.”

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “இருக்கிறதே நான் ஒருத்தன்தான். இது யாரைப் போகச் சொல்லுது?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

“நீங்களும் உங்க தொப்பையும் ரெண்டு பேரு இருக்கீங்கல்ல. யாராவது ஒருத்தர் எழுந்திரிங்க.”