கோட்டைச் சுவரிலிருந்து குதிரை வரை

எங்கள் படத்தின் கதாநாயகன் கோட்டைச் சுவரிலிருந்து குதிரை மேல் குதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுவிடலாம். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை வாய்க்குள் போன பிறகும் அவர் அந்தரத்தில்தான் இருப்பார். அதற்குக் காரணம் அவருடைய வீரம் மட்டுமல்ல, எங்கள் ஜெனரேட்டரும்தான். முதலாளி பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதை மெதுவாக ஓடவிடுவார். படம் காட்டும் மெஷின் மெதுவாகச் சுற்றும். கதாநாயகனும் மெதுவாக விழுவார்.

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலத்தில் சுமார் ஒன்றரை வருடம் நான் ஒரு நடமாடும் சினிமாவில் கதை சொல்லியாக இருந்தேன். முதலாளியிடம் ஒரு வேன், ஒரு மெஷின், ஒரு ஜெனரேட்டர், ஏழு சுருளில் ஒரு பழைய இந்திச் சண்டைப் படம். ரப்பர் தோட்டத்து மக்களுக்கு இந்தி தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் கதை சொல்ல வேண்டும். எனக்கும் இந்தி தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டினேன், செங்கல் சூளையில் மண் மிதித்தேன், கோலசிலாங்கூரில் மீன் படகில் ஐஸ் உடைத்தேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. யாரும் விரட்டவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது. ஆனால் அவசரகாலம் வந்ததும் கால் நிற்காதவனுக்கு நாட்டில் இடமில்லாமல் போயிற்று. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஆறு மணிக்குக் கேட்டை மூடினார்கள். என் அடையாளக் கார்டில் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு முகவரி இருந்தது. அந்த வீட்டில் நான் தங்கியது பதினோரு நாள். ஊர் ஊராகத் திரிகிற ஆளை நிறுத்தி, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டு போகிறாயா என்று கேட்பார்கள். ஒருமுறை அப்படி நான்கு நாள் உள்ளே இருந்திருக்கிறேன். சோறு பரவாயில்லை, கொசுதான் அதிகம்.

சினிமா வேனுக்குப் பெர்மிட் இருந்தது. அதில் இரண்டு பெயர்: முதலாளி, நான். அந்தக் காகிதம் இருக்கும்வரை நான் எந்தத் தோட்டத்துக் கேட்டுக்குள்ளும் நுழைந்து வெளியே வரலாம். நாடு முழுக்க வேலிக்குள் இருந்தபோது எனக்கு மட்டும் சாலை திறந்திருந்தது. அந்தப் பெயரை அடித்துவிட்டால் ஏதாவது ஒரு லயத்தில் போய் உட்கார வேண்டியதுதான். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன்.

ஊரடங்கினால் ராத்திரி படம் காட்ட முடியாது. சம்பள மறுநாள், ஞாயிற்றுக்கிழமை என்று லீவு நாட்களில் மத்தியானம் காட்டுவோம். ரப்பர் ஷீட் அடுக்கும் பழைய ஸ்டோரில் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்குவோம். உள்ளே புகை நாற்றமும் வேர்வை நாற்றமும் சேர்ந்து அடிக்கும். முன்னால் பிள்ளைகள், பிறகு பெண்கள், சுவரோரம் ஆண்கள். வாசலில் துப்பாக்கியோடு தோட்டத்துக் காவல்காரர், ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பெரும்பாலும் மலாய்க்காரர்.

பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் தடவை படம் போட்டபோதுதான் வம்பு ஆரம்பித்தது. கதாநாயகன் கோட்டையிலிருந்து குதித்தார். குதிரை அசையாமல் நின்று அவரை வாங்கிக்கொண்டு ஓடியது.

"தம்பி, அந்தக் குதிரைக்கு முதுகு எதுல செஞ்சது?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

பால்மரம் வெட்டும் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். மடியில் தூங்கும் பிள்ளையோடு, வெற்றிலை வாயோடு, கேள்வி கேட்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு தென்னந்தோட்டத்துல மரத்துல இருந்து விழுந்தாரு. பாதி மரந்தான் ஏறியிருந்தாரு. கீழ மணலு. மூணு மாசம் படுத்துட்டாரு. இவரு என்னடான்னா நேரா குதிரை மேல விழுந்து ஜாலியா போறாரு!"

ஸ்டோரே சிரித்தது.

அடுத்த சுருளில் கதாநாயகன் ராஜகுமாரியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டினார்.

"இவரு காண்டா தூக்கினதே இல்ல," என்றார் அக்கா. காண்டா என்பது தோளில் போடும் கம்பு. இரண்டு முனையிலும் பால் வாளி தொங்கும். "ரெண்டு வாளி நெறைய பாலோட ஒரு சின்ன ஓடையைத் தாண்டிப் பாருங்க. நாம குதிச்சப்புறம் வாளி தனியா ஒரு தடவ குதிக்கும். அப்ப கழுத்து திரும்பிக்கும். பால் மூஞ்சில ஊத்தும். அந்தப் பொம்பளைக்கு முடி கூட அசையலைலா!"

ஆறாம் சுருளில் துப்பாக்கிச் சண்டை. கதாநாயகன் ஒரே கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற காவல்காரர் மலாயில் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.

"சத்து... டுவா... தீகா... அம்பாட்... லீமா... அனாம்..." ஆறோடு நிறுத்தி, திரையைப் பார்த்துக் காத்திருந்தார். கதாநாயகன் ஏழாவது குண்டைச் சுட்டார்.

"ஏய்! பெலுரு டாரி மானா?" குண்டு எங்கேயிருந்து வந்தது என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலையில் அவருக்குக் குண்டுகளை எண்ணிக் கொடுப்பார்கள். சாயங்காலம் எண்ணி வாங்குவார்கள். ஒருமுறை காட்டுப்பன்றியைப் பார்த்து ஒரு குண்டு சுட்டுவிட்டு, அதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தவர் அவர். திரையில் ஒருவன் இருபத்திரண்டு குண்டு சுட்டுவிட்டு யாருக்கும் எதுவும் எழுதித் தராமல் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மக்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள். முதலாளிக்குத்தான் முகம் செத்துப்போயிருந்தது. அந்தக் கதாநாயகனுடைய மீசையைப் போலவே மீசை வைத்திருந்தவர் அவர். தலை வாருவதும் அதே மாதிரிதான். படத்தை நூறு தடவைக்கு மேல் ஓட்டியிருப்பார். நூறு தடவையும் அந்தக் குதிக்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"சண்டைப் படத்துல சிரிக்கிறாங்க. நீ கூட நின்னு பல்லைக் காட்டுற. கேட்டா காரணம் சொல்லு. வாய் எதுக்கு இருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து காரணம் சொல்லத் தொடங்கினேன். குதிரைக்குத் தினமும் ஒரு கந்தாங் அளவு உளுந்து, அதனால் முதுகெலும்பு இரும்பு மாதிரி. ராஜகுமாரி ஏழு நாள் உபவாசம், அதனால் எடை இல்லை. துப்பாக்கி ஜெர்மனியில் செய்தது, சுடச் சுட உள்ளேயே குண்டு ஊறும். ரதம் முன்னால் போகும்போது சக்கரம் பின்னால் சுற்றுகிறதே என்று ஒரு தோட்டத்தில் கேட்டார்கள். அது வடநாட்டுச் சக்கரம் என்று சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்லித் தரவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே தோட்டத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தோட்டத்து ஆபீஸை நடத்தும் பெரிய கிராணியே வந்து உட்காரப் போகிறார், அவருக்குப் பிடித்தால் அந்தக் கம்பெனியின் எல்லாத் தோட்டத்துக்கும் மாதம் ஒரு படம் நமக்குத்தான் என்று தெரிந்தது. வேன் கிளம்பும்போதே முதலாளி சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒருத்தர் சிரிச்சாலும் நீ அங்கேயே எறங்கிக்க. பெர்மிட்டுல உன் பேர அடிச்சிருவேன். கிராணிகிட்ட சொல்லி ஒரு காண்டாக் கம்பு வாங்கித் தர்றேன்."

வழியில் சாலைத் தடுப்பு. அப்போதெல்லாம் கடையில் பால் டின் வாங்கினால்கூட ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை போட்ட டின்னைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது, கெட்டுப்போகும். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் புதியவர். எங்கள் ஏழு தகரப் பெட்டிகளையும் பார்த்தார். இவ்வளவு பெரிய டின்னை அவர் பார்த்ததில்லை போலும். ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார்.

முதலாளி வேனிலிருந்து பாய்ந்து இறங்கினார். எங்கள் கதாநாயகன்கூட அவ்வளவு வேகமாகக் குதித்ததில்லை. "ஜாங்கான், துவான்! இது படம்!" என்று, வேண்டாம் ஐயா எனக் கெஞ்சியபடி, பெட்டிகளின் மேலே படுத்துக்கொண்டார். கடைசியில் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொன்னார்கள். நான் புல்லின் மேல் ஏழு சுருளையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். பின்னால் லோரிகள் ஹார்ன் அடித்தன. அவசரமாகத் திரும்பப் போட்டு மூடினேன். அந்த அவசரத்தில் ஐந்தாம் பெட்டியில் ஏழாம் சுருளும், ஏழாம் பெட்டியில் ஐந்தாம் சுருளும் போய்விட்டன. அது எனக்கு அப்போது தெரியாது.

படம் தொடங்கியது. பெரிய கிராணி நாற்காலியில், மடித்த கைக்குட்டையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை. கதாநாயகன் குதிரை மேல் குதித்தார், அமைதி. உளுந்துக் காரணத்தைச் சொன்னேன். ராஜகுமாரியோடு பள்ளம் தாண்டினார், அமைதி. உபவாசத்தைச் சொன்னேன். இருட்டில் முதலாளியின் மீசை எனக்குத் தைரியம் சொல்வது போலிருந்தது.

நாலாம் சுருளின் முடிவில் கதாநாயகனை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடுவார்கள். அவருக்குப் பதில் விழுவது ஒரு வைக்கோல் பொம்மை. பாறையில் மோதும்போது அதன் கால் முதுகுப் பக்கமாக மடங்கும். சுருள் முடிந்து விளக்கைப் போட்டார்கள். முதலாளி ஐந்தாம் பெட்டியைத் திறந்து மாட்டினார். ஐந்தாம் சுருளில் ஒரு வைத்தியர் ஆற்றோரத்தில் அவரைக் கண்டெடுத்துக் கட்டுப் போட்டுக் காப்பாற்றுவார். அதை நான் முன்கூட்டியே சோகமாகச் சொல்லி வைத்தேன். "பாவம், உயிர் இருக்கோ இல்லையோ, எலும்பெல்லாம் நொறுங்கிப் போச்சு..."

விளக்கு அணைந்தது. திரையில் மேளதாளத்தோடு கல்யாணம். கழுத்து நிறைய மாலையோடு கதாநாயகன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அக்காவின் குரல் வந்தது.

"விழுந்த வேகத்துல நேரா மணவறையிலயே வந்து விழுந்துட்டாரா, தம்பி?"

கிராணி இருக்கிறார் என்பதை அத்தனை பேரும் ஒன்றாக மறந்தார்கள். மெஷினுக்குப் பின்னாலிருந்து முதலாளி என்னைப் பார்த்தார். எப்படியும் பெர்மிட்டில் பேர் போகப் போகிறது, பொய்யோடு போக வேண்டாம் என்று தோன்றியது.

"அக்கா," என்றேன், "விழுந்தது அவரில்ல. வைக்கோல் பொம்மை. கால் பின்பக்கம் மடங்கினதப் பாத்தீங்கல்ல? நெஜமா விழுந்தா செத்துருவாரு. குதிரையும் உளுந்து திங்கல. அந்தக் கோட்டையில இருந்து குதிச்சா குதிரையும் காலி, இவரும் காலி."

"அப்படிச் சொல்லு! இத்தன நாள் யாரு வாயக் கட்டி வெச்சாங்க?"

அதற்குப் பிறகு நான் கதை சொல்லவில்லை. ஒவ்வொரு அடியும் விழுவதற்கு முன்பே சத்தம் வருவதைக் காட்டிக்கொடுத்தேன். ஆறாம் சுருளில் துப்பாக்கி எடுத்ததும் காவல்காரரைப் பார்த்து, "அபாங், எண்ணலாமா?" என்று அண்ணன் முறை போட்டுக் கேட்டேன். அவர் ஆரம்பிக்க, பிள்ளைகள் பெண்கள் எல்லாரும் மலாயில் எண்ணினார்கள். ஏழாவது குண்டுக்கு ஸ்டோர்க் கூரை அதிர்ந்தது. "சூராட்! சூராட்!" என்று காவல்காரர் திரையைப் பார்த்துக் கத்தினார். கடிதம், அதாவது விளக்கம் எழுதித் தரச் சொல்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

கடைசியாக ஏழாம் பெட்டி. அதிலிருந்து வந்தது ஐந்தாம் சுருள். கதாநாயகன் உடம்பு முழுக்கக் கட்டோடு ஆற்றோரக் குடிசையில் படுத்துக் கிடந்தார். வைத்தியர் கஞ்சி ஊட்டினார். அவர் கண்ணை மட்டும் திறந்தார். அதோடு படம் முடிந்தது.

மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"இதுதான் ஞாயம்லா," என்றார் அக்கா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே. "அவ்வளவு குதிச்சா கடைசில இப்படித்தான் படுக்கணும். எங்க வீட்டுக்காரரு இருந்த மாதிரியே இருக்காரு. அவருக்கும் கஞ்சிதான்."

பெரிய கிராணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர். "இந்திப் படத்துல இப்படி ஒரு உண்மையான முடிவை நான் பாத்ததே இல்ல," என்று முதலாளியின் கையைப் பிடித்தார். "மாசாமாசம் வாங்க. இந்தப் பேச்சுக்காரனையும் கூட்டிட்டு வாங்க."

முதலாளி சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் வழியில் அவர் என்னை எங்கே இறக்கிவிடுவார் என்று சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அதே தடுப்பு, அதே போலீஸ்காரர். பெர்மிட்டை வாங்கிப் படித்தார். என்னைக் காட்டி, "இனி சியாபா?" என்றார். இவன் யார்?

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் முதலாளி எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு வெற்றிலை மடித்திருக்கலாம். நான் அந்தரத்தில் இருந்தேன். கீழே குதிரை நிற்கிறதா என்று தெரியவில்லை.

"ஓராங் சாயா," என்றார். என் ஆள்.

தடுப்பு மரம் மேலே போயிற்று. ஒரு மைல் போன பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நெஜமாவே அந்தக் குதிரைக்கு முதுகு ஒடஞ்சிருக்குமா?"

"அது படத்துக்கு, முதலாளி. சின்னப் பலகையில இருந்து குதிச்சிருப்பாரு. குதிரைக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

அவர் மூச்சை விட்டார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். கோலசிலாங்கூர் கலங்கரை விளக்கு தெரியும் இடத்தில் மறுபடியும் வாய் திறந்தார்.

"அஞ்சும் ஏழும் இப்ப இருக்கிற பெட்டியிலயே இருக்கட்டும். கை வைக்காத."