பின்பலகையில் அத்தையின் பெயர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் கிடக்கிறது. மஞ்சள் பிடி, முனை கொஞ்சம் வளைந்தது. கரண்டிக்கும் அதற்கும் என்ன சொந்தம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அது என் மாமனாருடையது. அதை வைத்து அவர் திருகாணி திருகி நான் பார்த்தது குறைவு. ஒரு நாள் காலையில் எங்கள் மரப் போட்டின் பின்பலகையில் அதை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். பழுத்த பூசணிக்குள் போவதுபோல் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மாமாவின் அன்றைய முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

பட்டு நெய்கிற வீட்டில் மோட்டார் போட் எதற்கு? நியாயமான கேள்விதான். எங்கள் கோயில் குளத்தில் மாசியில் தெப்பம் விடுவார்கள். முன்பெல்லாம் கரையில் நின்று கயிறு கட்டி இழுப்பார்களாம். பிறகு குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அடுத்த தெப்பத்தில் கயிறு வேலியில் சிக்கி, சாமியும் குருக்களும் நாதஸ்வரக்காரரும் நடுக்குளத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்கு வேறு யோசனையே இல்லை. எங்கோ ஓர் ஏரியில் சவாரி விட்டுக் கழித்துப் போட்ட ஒரு சின்ன போட்டை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என் மாமியார், அத்தை, வாசலில் நின்று, "தறியில உக்கார்ற ஆளுக்குக் கப்பல் கேக்குதா?" என்றாள். தெருவே சிரித்தது. அந்த மாசியில் தெப்பத்தை அதுதான் இழுத்தது, ஒரு தடங்கலும் இல்லாமல். அன்றைக்கு அத்தை வாயே திறக்கவில்லை.

போட்டைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் பாய். தறிக்கு வேண்டிய மரச் சாமான்கள் செய்கிற தச்சர், மாமாவுக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். அவர் செய்த குறும்புதான் பெயர். யாரையும் கேட்காமல், மோட்டார் மாட்டுகிற பின்பலகையில் அத்தையின் பெயரைப் பெரிய நீல எழுத்தில் எழுதவைத்துவிட்டார். "அண்ணி பேருதான் சாமியை இழுக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு ஓடியே போனார். அத்தை அவருக்குச் சில நாள் டீ கொடுக்கவில்லை. ஆனால் முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆண்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. மாமாவுக்கு அத்தை எப்போதும் "இந்தா"தான். வெளியாளிடம் பேசும்போது "எங்க வூட்ல". மருமகளான நான் மாமியார் பெயரைச் சொல்வது என்பது நினைத்தே பார்க்க முடியாதது. அவ்வளவு பெரிய வீட்டில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் அந்தப் பலகை.

அத்தை இருந்தவரைக்கும் தெப்பம் முடிந்ததும் மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, போட்டை வெயில் விழுகிற பின்கட்டுக் கொட்டகையில் செங்கல் மேல் கவிழ்த்துப் போடுவார்கள். அதன் முதுகில் அவள் பழைய வேட்டியை விரித்து வடாம் காயவைப்பாள். "சாமி வண்டிமேல வடாமா?" என்று மாமா கத்துவார். "சாமி ஒண்ணும் கேக்கல, நீதான் கேக்கற" என்பாள். அவள் போன பிறகு கத்தவும் ஆளில்லை, காயவைக்கவும் ஆளில்லை. மாமா போட்டை நிமிர்த்திப் போட்டார். உள்ளும் புறமும் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, காற்றுப் புகாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கல்யாணப் புடவையை வீட்டில் எப்படி வைப்போமோ அப்படி. நெய்கிறவர் கைக்கு வேறு கட்டு தெரியாது. யாராவது முடிச்சைத் தொட்டாலே, "தூசு பட்டுடும்பா, விடு" என்பார். தெப்பத்துக்கு மட்டும் அவிழ்ப்பார், ஈரம் முழுசாகக் காயுமுன்னே மறுபடி கட்டிவிடுவார்.

அப்படிச் சில மாசிகள் போயின. ஒரு தை மாதம் கட்டை அவிழ்த்தபோது குப்பென்று காளான் வாசனை அடித்தது. பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்து அழுத்தியது அப்போதுதான். பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் போய்ப் பாயைக் கூட்டிவந்தேன்.

பாய் பலகையைத் தட்டினார், முகர்ந்தார், பெருமூச்சு விட்டார். "அண்ணே, உள்ள வேர்த்து வேர்த்து மக்கிப்போயிருக்குது. இதுல மோட்டாரை மாட்டினா பலகையோட பிச்சிக்கினு தண்ணிக்குள்ள போவும். மொத்தமும் வெட்டணும்."

"பட்டி பூசி ஆணி அடிச்சா தாங்காதா?"

"தெப்பத்துல சாமி இருக்குது, குருக்கள் இருக்கறாரு. நீயே சொல்லு."

கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து ஃபைபர் போட் வரவழைத்துக்கொள்கிறோம், பெரியவர் சிரமப்பட வேண்டாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மாமாவுக்குத்தான் சுருக்கென்றது. பலகையை வெட்டாமல் வைத்தால் பெயர் இருக்கும், போட் கொட்டகையில் கிடக்கும். வெட்டினால் போட் தெப்பத்தை இழுக்கும், பெயர் போய்விடும். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு யோசனையிலேயே எழுந்து போய்விடுவார். எனக்குக் கோபமாக வந்தது. ஒரு பலகைக்கா இந்தப் பாடு என்று என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நெய்துகொண்டே, "அது வெறும் பலகையாமா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர் உள்ள பகுதியை மட்டும் முழுசாகப் பெயர்த்தெடுத்துச் சுவரில் மாட்டிவிடலாம். பாய் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. மாமா தானே உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உதிர்கிற புட்டை ஏந்துவதுபோல் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். தோலாக நின்றது பெயிண்ட் மட்டும்தான். பின்னால் மரமே இல்லை, பழுப்புத் தூள். நீல எழுத்துகள் மடங்கி, உடைந்து, அவர் மடியில் கொட்டின. "ஐயோ!" என்று நான்தான் கத்தினேன். அவர் கத்தவில்லை. மடியில் கிடந்ததை விரலால் கிளறிக்கொண்டே, "காத்து படாம கட்டி வச்சேனே பாய்" என்றார்.

"ஆசையாத்தான் கட்டின அண்ணே" என்றார் பாய். "அண்ணி வடாம் காயவச்சாங்களே, அதான் மரத்துக்குத் தோதா இருந்திருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. பக்கத்துப் பலகைகளிலும் அவற்றைத் தாங்குகிற விலாக் கட்டைகளின் நுனியிலும் மாமா ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டே போனார். மெத்தென்று போன இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். டக்கென்று நிற்கிற மரம் வரும்வரை பாய் வெட்டினார். புதிதாகத் தேக்குப் பலகை வைத்து, பித்தளைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். மூட்டுகளில் பருத்தி நூலைத் திரித்து அடைத்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசினார்கள். வீடெல்லாம் சாம்பிராணி போட்டதுபோல் மணந்தது. மாமா சாப்பிட ஆரம்பித்தார். உப்புக் குறைவு என்று குறைகூடச் சொன்னார்.

பெயிண்ட் அடிக்க ஐயம்பேட்டையிலிருந்து ஓர் ஆள் வந்தார். எல்லாம் அடித்து முடித்து, நீல டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "பேரு இன்னா எழுதணும் பெரியவரே?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் எப்படிச் சொல்வேன்? பாயைப் பார்த்தார். முதல் தடவை யாரையும் கேட்காமல் எழுதவைத்த அந்த மனிதர், இப்போது உளிப் பையில் எதையோ ரொம்ப அக்கறையாகத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே என் கணவரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமா தொண்டையைச் செருமினார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல பெரியவரே. தறிச் சத்தம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மாமா எழுந்து நின்றார். அத்தையின் பெயரை, கூடத்திலிருந்து சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, கூப்பிட்டார். சொல்லவில்லை, கூப்பிட்டார். உள்ளே தறி நின்றுவிட்டது.

அந்த மாசியில் எங்கள் போட்தான் தெப்பத்தை இழுத்தது. கடைசிச் சுற்றில் மாமா கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். படியில் நான் நின்றிருந்தேன், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அத்தை எப்போதும் உட்காரும் படி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மாமாவும் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. போட் இப்போது கொட்டகையில் செங்கல் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் முதுகில் நான் வடாம் காயவைக்கிறேன். அந்த பிளாஸ்டிக் ஷீட் விறகின் மேல் கிடக்கிறது. இந்தத் தையிலும் இழுப்பறையைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பின்பலகைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மாமியாரின் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பிறகு குத்திப் பார்த்தேன். டக்கென்று நின்றது.