மாமாவின் கட்டம்

மருத்துவமனையின் மரபு நோய்ப் பிரிவில் அவளுக்குப் பெயரே 'கட்டம்மா'. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு என்று, வருகிறவர்களின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வரைந்து கொடுப்பதுதான் வேலை. சனங்கள் வாய் கூசாமல் புளுகுவார்கள். "காய்ச்சல்ல போயிட்டான்" என்றால் லேசில் விடமாட்டாள். "காய்ச்சலுக்கு முந்தி ஓடியாடினானா?" என்று குடைந்து எடுத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டாள், பாருங்கள்!

தங்கையின் ஐந்து வயது மகனுக்குத் தசை கரையும் நோய் என்று அந்த வாரம்தான் உறுதியானது. தரையிலிருந்து எழ, தன் தொடையிலேயே கையூன்றி ஏறும் குழந்தை. தாய் வழியாக மகனுக்கு வருகிற வியாதி அது. சில சமயம் முன்னே யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் முளைக்கும். தங்கைக்காகப் படம் வரைந்தபோது, அம்மாவின் தம்பிக்கு வெறும் கட்டம் போட்டாள். மாமா மரத்திலிருந்து விழுந்து, படுத்த படுக்கையாகி, சின்ன வயதிலேயே செத்தவர். பிறந்ததிலிருந்து கேட்ட கதை, அதைப் போய் யார் குடைவார்கள்? புதிதாக முளைத்ததுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அவளுடைய சொந்த மகளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அன்று மாலை சமையலறையில் அம்மா பேரனை நினைத்து மூக்கைச் சிந்தினாள். "என் தம்பியும் இப்படித்தாண்டி, தொடையைப் பிடிச்சுப் பிடிச்சு எழுந்திருப்பான்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள். "மாமா மரத்திலேருந்து விழுந்தவர்தானேம்மா?"

"நடக்கவே முடியாதவன் மரத்துல எங்கடி ஏறுவான்? உள்ளதைச் சொல்லியிருந்தா என்னை எவன் கட்டியிருப்பான்?"

மாமாவின் கட்டம் கறுத்துவிட்டது. அப்படியென்றால் அம்மா, தான் படுக்காமலே நோயைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பவள். தங்கைக்கு வந்தது அங்கிருந்துதான். தனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தனக்கு வந்திருந்தால் மகளுக்கும் அதே கணக்கு. அந்த வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால்? ஆத்திரம் தாங்காமல் கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"பிள்ளைத்தாய்ச்சிடி, அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே" என்றாள் அம்மா.

"நீ மறைச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு மகளைப் போனில் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கே இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள்.

மகள் சரி என்றாள். பிறகு, "பொண்ணா இருந்தா தப்பிச்சிடுமாம்மா?" என்று கேட்டாள்.

"தப்பிச்சிடும்டி" என்றாள், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தபடி. "உங்க பாட்டி தப்பிச்ச மாதிரி."